ஐயக் கோட்டையும் மடியிலிருந்த திறவுகோலும்

உருவகக் கதை மாந்தர்க்கு உள்ளம் இல்லை என்பது திறனாய்வாளர் சிலர் கூறிவரும் குறை. அச்சம் என்று பெயர் பெற்றவன் அஞ்சுவான். பிடிவாதன் என்று பெயர் பெற்றவன் பிடிவாதம் பேசுவான். பெயரைச் சொன்ன அளவிலே பாத்திரம் முடிந்துவிடுகின்றது, அதற்குமேல் அறிவதற்கு அங்கே ஒன்றும் இல்லை என்பர். இக்கூற்று உண்மையாயின், எச். ஏ. கிருஷ்ண பிள்ளை தமிழுக்குத் தந்த பெருங்காப்பியமாகிய இரட்சணிய யாத்திரிகத்தின் மூலக்கதையும் அப்பழிக்கு உள்ளாகும். ஆகவே அக்குறை எந்த அளவிற்குப் பொருந்தும் என்பதை, உயிர் தன் வளர்ச்சிக்குத் தானே விளைத்துக்கொள்ளும் தடைகளை ஜான் பன்யன் காட்டியுள்ள முறை ஒன்றைமட்டும் கொண்டு ஈண்டு ஆராய விரும்புகின்றோம்.

பன்யன் 1628-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் பெட்போர்டு நகரை அடுத்த எல்சுடோ என்னும் சிற்றூரில் பிறந்தவர். ஓட்டைப் பாத்திரங்களுக்கு ஈயம் பூசிச் செப்பனிடும் தொழிலினர். பல்கலைக்கழகப் பயிற்சி இல்லாதவர். அரசின் இசைவின்றிச் சமயச் சொற்பொழிவு ஆற்றியமைக்காக 1660 முதல் 1672 வரை பன்னிரண்டாண்டுகள் சிறையில் இருந்தார். சிறையிருக்கையிலேயே தம் அகவாழ்வின் வரலாற்றை எழுதி 1666-இல் வெளியிட்டார். பயணக்கதையின் முதற்பாகம் 1678-இலும் இரண்டாம் பாகம் 1684-இலும் வெளிவந்தன. மாந்தர் பெயர்களையும் இடப்பெயர்களையும் பொருள் பற்றி நாமே தமிழாக்கி இக்கட்டுரையில் ஆளுகின்றோம். கிருஷ்ண பிள்ளையின் பெயர்கள் இவற்றினின்றும் வேறுபடும் என்பதை மாணவர் நினைவிற் கொள்க.

கதையின் போக்கை அறியாதார் இலர். கந்தையுடுத்து, கையில் நூலும் முதுகில் சுமையும் கொண்ட ஒருவன் தன் நகர் அழியப்போவதை உணர்ந்து வானக நகரை நோக்கிப் புறப்படுகின்றான். வழியில் அவன் முதலில் வீழ்வது சேற்றுநிலம் ஒன்றில். இச்சேறு பகைவன் வெட்டிவைத்த குழியன்று என்பதே ஈண்டுக் கருதற்பாலது. தன் பிழையை ஒருவன் உணரத் தொடங்கும்பொழுது அவ்வுணர்விலிருந்து வடியும் அச்சமும் ஐயமும் தேங்கி நிற்கும் இடம் அது என்கின்றார் பன்யன். விழிப்புப் பெறாதவனுக்கு அங்கே சேறே இல்லை. அரசனுடைய பணியாளர் 1600 ஆண்டுகளுக்கு மேலாக அதனைத் தூர்க்க முயன்றும், 20,000 வண்டிக்குக் குறையாத நல்லுரைகளை அதில் கொட்டியும், அந்நிலம் மேடாகவில்லையாம். சமயச் சொற்பொழிவாளர் ஒருவர் தம் தொழிலைப் பற்றியே இவ்வாறு எழுதியிருக்கின்றார் என்பதை எண்ணிப் பார்த்தால் அந்நகைச்சுவையின் கசப்பு விளங்கும். சேற்றின் நடுவே உறுதியான படிக்கற்கள் இடப்பட்டுள்ளன. அச்சத்தால் தலைசுற்றியவன் கண்ணுக்கு அவை புலப்படுவதில்லை. கற்கள் உள்ளன, காணும் நிலை இல்லை. இவ்வமைப்பு நூல் முழுதும் திரும்பத் திரும்ப வருகின்றது. பின்னர் அழகு மாளிகையின் வாயிலில் இரு சிங்கங்கள் நிற்கின்றன, அவை கட்டுண்டவை, வழிப்போக்கனோ சங்கிலியைக் காணாமல் சிங்கத்தை மட்டும் காண்கின்றான்.

முதுகுச் சுமை சிலுவையடியில் தானே கழன்று உருண்டு, அருகிலிருந்த கல்லறையுள் வீழ்ந்து மறைகின்றது. இந்நிகழ்ச்சி கதையின் தொடக்கப் பகுதியிலேயே வந்துவிடுகின்றது. முதுகலை வகுப்பில் இப்பகுதியைப் பயிற்றும்பொழுதெல்லாம் மாணவர் ஒருவரேனும் எழுப்பும் வினா ஒன்று உண்டு: சுமை வீழ்ந்தபின் கதைக்கு என்ன வேலை? நல்ல வினா. கிறித்தவ வாழ்வை மனமாற்றத்தோடு முற்றுப்பெறும் நிகழ்ச்சியாகக் கருதுவார்க்கு இதற்கு விடையில்லை. பன்யனோ குற்றச் சுமையையும் அகத்தடைகளையும் வேறுவேறாக வகுத்துவிட்டார். சுமை நீங்குவது ஒரு நொடியில். அதுவும் அவன் முயற்சியின்றி நிகழ்கின்றது. தடைகளோ சுமை நீங்கியவனுக்கே பெருகுகின்றன. நூலின் மிகக் கொடிய இடமாகிய ஐயக் கோட்டை, பயணி போரில் வென்று, இருட்பள்ளத்தாக்கைக் கடந்து, மாயச் சந்தையில் தன் தோழன் உயிர்கொடுப்பதைக் கண்டபின், நெடுந்தொலைவு வந்தபின் வருகின்றது. இவ்வைப்புமுறை தற்செயலாக அமைந்ததன்று என்பது நம் துணிபு.

இதற்குரிய திறவு, விளக்கமுரைப்போன் இல்லத்தில் பயணி காணும் காட்சிகளில் உள்ளது. ஒரு கூடத்தைப் பெருக்குகின்றார்கள்; பெருக்கப் பெருக்கத் தூசி எழுந்து மூச்சடைக்கின்றது; நீர் தெளித்தபின்னரே அது அடங்குகின்றது. மற்றோர் இடத்தில் சுவரோரம் எரியும் தீயின்மேல் ஒருவன் இடைவிடாது நீர் ஊற்றுகின்றான். தீயோ மேலும் மேலும் ஓங்குகின்றது. சுவரின் மறுபுறம் மற்றொருவன் மறைவாக எண்ணெய் வார்த்துக்கொண்டிருக்கின்றான். முன்னது தன் முயற்சியால் மட்டுமே நெஞ்சைத் தூய்மை செய்ய முனைவான் அடையும் பயனைக் காட்டுகின்றது. பின்னது, அருள் தொழிற்படும் இடம் அதனைப் பெற்றவன் கண்ணுக்கே புலனாவதில்லை என்பதைக் காட்டுகின்றது. தன் உள்ளத்தை நோக்கும் பயணி நீர் ஊற்றும் கையை மட்டுமே காண்பான். அவன் தளர்ச்சிக்குக் காரணம் இதுவே.

அடுத்து, சாவின் நிழல் படிந்த பள்ளத்தாக்கில் நிகழும் ஒரு சிறு நிகழ்ச்சி. கதையில் அது சில வரிகளே. ஆயினும் பன்யனுடைய உளநூலறிவுக்கு இதனினும் சிறந்த சான்று வேண்டா. இருளில் செல்லும் பயணியின் பின்னால் தீய உரு ஒன்று மெல்ல அணுகிக் கடவுளைப் பழிக்கும் சொற்களை அவன் காதில் முணுமுணுக்கின்றது. அவனோ அச்சொற்கள் தன் நெஞ்சிலிருந்தே எழுந்தன என்று நம்பிவிடுகின்றான். முன்பு அழிவின் வேந்தனோடு வாளெடுத்துப் பொருதபொழுதும் அவன் இவ்வளவு துயருறவில்லை என்று ஆசிரியர் குறிப்பிடுகின்றார். காதை மூடிக்கொள்ளும் அறிவும், அச்சொற்கள் எங்கிருந்து வந்தன என்று ஆராயும் அறிவும் அப்பொழுது அவனுக்கு இல்லை. எதிர்நின்று தாக்கும் பகைவனைப் பகைவன் என்று அறியலாம். தன் குரலிலேயே பேசும் பகைவனை எங்ஙனம் அறிவது?

இது கற்பனையில் பிறந்ததன்று. 1666-இல் வந்த அகவரலாற்றில் தமக்கு நேர்ந்ததாகப் பன்யன் இதனையே விரித்துரைக்கின்றார். கிறித்துவை விற்றுவிடு என்னும் ஏவல் ஓராண்டளவு அவர் உள்ளத்தில் ஓயாது ஒலித்தது. உணவுண்ணும்பொழுதும் வேலை செய்யும்பொழுதும் அது விடவில்லை. மாட்டேன், மாட்டேன் என்று அதன் விரைவுக்கு ஈடாக அவர் மறுமொழி கூறிக்கொண்டே இருந்தார். கைகளாலும் முழங்கைகளாலும் எதனையோ தள்ளுவதுபோல் உடலும் உடன் அசைந்ததாம். மன்னிப்பில்லாப் பழிச்சொல் தம் வாயினின்றும் வெளிப்பட்டுவிடுமோ என்றஞ்சி, வாய் திறவாதபடி கையால் மோவாயைத் தாங்கிப் பிடித்த நாள்களும் உண்டு. இறுதியில் ஒருநாள் சோர்வு மேலிட, அவர் விரும்பினால் போகட்டும் என்றோர் எண்ணம் நெஞ்சில் ஓடியது. அவ்வளவே. தலைப்பிறப்புரிமையை ஓர் உணவுக்கு விற்ற ஏசாவின் நிலையே தம் நிலை என்று நம்பி அதன்பின் நெடுங்காலம் நைந்தார். இற்றை நாள் உளமருத்துவர் இதனை ஒரு நோயின் குறிகளாகக் கொண்டு பெயரிடக்கூடும். அப்பெயர் பொருந்துமா என்பது நம் ஆராய்ச்சிக்குப் புறம்பானது. இலக்கிய மாணவர் கொள்ளத்தக்கது வேறு: பன்னிரண்டாண்டுகட்குப் பின் பயணக்கதை எழுதியபொழுது, அத்துணைப் பெரிய துன்பத்தை ஒரு முணுமுணுப்பாகச் சுருக்கி, அதனைப் பயணியின் முதுகுக்குப் பின்னால் வைத்தார். தம் நெஞ்சின் குரல் என்று தாம் கருதியதற்கும் தமக்கும் இடையே ஒரு முழ இடைவெளி உண்டு என்பதை அவர் அதற்குள் கண்டுகொண்டிருந்தார். உருவகம் ஆற்றிய பணி இதுதான். அகத்தே நிகழ்வதைப் புறத்தே நிறுத்திக் காட்டியதால் நோய்க்கும் நோயாளிக்கும் இடையே வேறுபாடு காண இயன்றது.

ஐயக் கோட்டைக்கு வருவோம். பாதை கல்லும் முள்ளுமாய் இருந்தமையால் கால்நொந்த பயணியும் நம்பிக்கையன் என்னும் தோழனும் வேலிக்கு அப்பால் மெல்லிய புல்வெளி ஒன்றைக் காண்கின்றார்கள். அதுவும் பாதையை ஒட்டியே செல்வதுபோல் தோன்றுகின்றது. தோழன் தயங்குகின்றான், முதியவன் என்னும் தகுதியால் பயணியே அழைத்துச் செல்கின்றான். இரவும் மழையும் வெள்ளமும் சூழ, களைத்து உறங்கியவர்களை அந்நிலத்துக்கு உரிய அரக்கன் பிடித்துச் செல்கின்றான். அவன் பெயர் நம்பிக்கையிழவு. அவன் மனைவியின் பெயர் ஐயுறவு. புதன்கிழமை காலை முதல் சனிக்கிழமை இரவு வரை உணவும் நீரும் ஒளியும் இன்றி இருவரும் நிலவறையில் கிடக்கின்றார்கள்.

இப்பகுதியில் பன்யன் காட்டும் நுட்பங்கள் பல. அரக்கன் தானே எதனையும் திட்டமிடுவதில்லை. இரவுதோறும் படுக்கையில் மனைவி சொல்வதை மறுநாள் காலையில் செய்கின்றான். முதலில் காட்டு ஆப்பிள் மரத்தடியால் அடிக்கின்றான். மறுநாள் கத்தியோ கயிறோ நஞ்சோ கொண்டு தாமே மாய்ந்துவிடுமாறு அறிவுரை கூறுகின்றான். பின்னர் முற்றத்துக்கு அழைத்துச் சென்று முன்னே மாய்ந்தவர்களின் எலும்புகளைக் காட்டுகின்றான். அவனே கொன்றுவிடலாமே, ஏன் கொல்லவில்லை? நம்பிக்கையிழவுக்குக் கொல்லும் ஆற்றல் முழுமையாக இல்லை. அது இசைவை வேண்டி நிற்கின்றது. சிறைப்பட்டவனின் கையையே தன் கையாக்கிக்கொள்ள முயல்கின்றது. அன்றியும், வெயில் நன்கு காயும் நாளில் அரக்கனுக்கு இழுப்பு வந்து கை செயலற்றுப்போகின்றது. மனத்தளர்ச்சி வானிலையோடு ஏறியிறங்குவதை உணர்ந்தவரே இதனை எழுதியிருக்க முடியும். சொற்பொழிவு மேடையில் இதனைச் சொல்லியிருந்தால் கேட்டோர் நகைத்திருப்பர், கதையில் நம்புகின்றோம்.

சிறையில் முதலில் மனம் உடைபவன் பயணி. பேசித் தேற்றுபவன் இளையவனாகிய தோழன். பிறரைக் கொல்லுதல் குற்றமாயின் தன்னைக் கொல்லுதல் உடலோடு உயிரையும் கொல்வதாகும் என்று அவன் வாதிடுகின்றான். முன்னைய வெற்றிகளை நினைவூட்டுகின்றான். ஆயினும் கதவைத் திறப்பது அவன் வாதம் அன்று. சனிக்கிழமை நள்ளிரவில் இருவரும் இறைவேண்டல் தொடங்கி விடியும் அளவும் தொடர்கின்றார்கள். அப்பொழுது பயணி திடுமெனத் துள்ளியெழுகின்றான்: வாக்குறுதி என்னும் திறவுகோல் தன் மடியில் இருக்க, நாற்றச் சிறையில் கிடந்தேனே என்று தன்னையே இகழ்ந்துகொள்கின்றான். திறவுகோல் புதிதாக வந்ததன்று. புதன்கிழமையும் அது அங்கேதான் இருந்தது. அடிபட்டபொழுதும், நஞ்சைப் பற்றி எண்ணியபொழுதும் அது அவன் நெஞ்சோடு ஒட்டியிருந்தது. நம்பிக்கையிழவு பொருளைப் பறிப்பதில்லை, பொருள் இருப்பதை மறக்கச் செய்கின்றது என்னும் கருத்தை இதனினும் சுருங்கச் சொல்லல் அரிது. நிலவறைக் கதவும் முற்றத்துக் கதவும் எளிதில் திறக்கின்றன. வெளியிரும்புக் கதவின் பூட்டு மட்டும் மிகக் கடினமாய் இருந்ததாம். இந்த ஒரு குறிப்பு இல்லாதிருந்தால் திறவுகோல் மந்திரக்கோலாகியிருக்கும்.

அகத்தடைகளைப் பற்றிய சிந்தனை தமிழுக்குப் புதிதன்று. காமம், வெகுளி, மயக்கம் என்னும் மூன்றையும் திருவள்ளுவர் மெய்யுணர்தலில் வைத்துக் கூறினார். மும்மலக் கொள்கையில் ஆணவமே முதல் தடை. ஆயினும் ஒரு வேறுபாடு கூர்ந்து நோக்கற்பாலது. ஊக்கமுடைமை, மடியின்மை, இடுக்கணழியாமை என்னும் அதிகாரங்களைக் குறள் பொருட்பாலில் அமைத்துள்ளது. துறவறவியலில் அவற்றுக்கு இடமில்லை. மனந்தளர்தல் அங்கே வினைசெய்வானுக்குரிய குறையேயன்றி வீடு நாடுவானுக்குரிய தடையாக வகுக்கப்படவில்லை. பன்யன் சார்ந்த தூய்மைநெறியாளர்க்கோ இதுவே தலையாய தடை. வாக்களித்தவனைப் பொய்யனாக்குதலே நம்பிக்கையிழத்தல் என்பது அவர்தம் கருத்து. எனவே பன்யனின் அரக்கனை ஆணவத்தோடும் மயக்கத்தோடும் ஒன்றென வைத்து ஒப்பிடும் கட்டுரைகள் பொருளை மழுங்கச் செய்கின்றன என்றே கருதுகின்றோம். ஒப்புமை காண்பதில் நாம் காட்டும் விரைவு, வேறுபாடு காண்பதிலும் இருத்தல் வேண்டும்.

இக்கதையைத் தமிழ்க் காப்பியமாக்கிய கிருஷ்ண பிள்ளை (1827–1900) திருநெல்வேலிச் சீமையில் வைணவக் குடியில் பிறந்து, கம்பனில் தோய்ந்து, 1858-இல் கிறித்தவம் தழுவியவர். 1894-இல் நூலுருப் பெற்ற அவர் காப்பியம், பன்யனின் முதற்பாகக் கதையைத் தழுவி ஐந்து பருவங்களாக விரிகின்றது. மூலத்தில் இல்லாத இயேசுவின் பாடுகள் அங்கே விரிவாகப் பாடப்பெற்றுள்ளன. விருத்தம் பெருமிதத்துக்கு உரிய யாப்பு. நாட்டு வளமும் நகர் வளமும் போரும் அதில் சிறக்கின்றன. முதுகுக்குப் பின் எழும் முணுமுணுப்புக்கும், படுக்கையில் நிகழும் உரையாடலுக்கும், வெயிலில் கை மரத்துப்போகும் அரக்கனுக்கும் பாத்திரம் செப்பனிடுவோரின் பேச்சுநடையே இயல்பான உடை. இவற்றைக் காப்பிய நடைக்கு உயர்த்தும்பொழுது சிறுமையிலிருந்த உண்மை சிறிது குன்றுதல் தவிர்க்க இயலாதது. இதனைக் கூறுவது அப்பெரும்புலவரைக் குறைப்பதாகாது. யாப்பின் இயல்பைக் கூறுவதே ஆகும்.

ஆனால் இழந்ததை அவர் வேறிடத்தில் ஈட்டிக்கொண்டார். கதையின் இடையிடையே தேவாரம் என்னும் பெயரால் அவர் அமைத்துள்ள இசைப்பாடல்கள் மூலத்துக்கு முற்றிலும் புதியவை. பன்யனும் இடையிடையே பாட்டு வைத்துள்ளார்; அவை நிகழ்ந்ததைத் தொகுத்துரைக்கும் குறும்பாக்கள்; கவிதை என்னும் நிலையில் அவை எளியன என்பதை அவர் அன்பரும் ஒப்புவர். கிருஷ்ண பிள்ளையின் பதிகங்களிலோ கதைமாந்தன் பின்வாங்க, புலவரின் நெஞ்சே முன்வந்து இறைவனிடம் முறையிடுகின்றது. நாயன்மார் ஆழ்வார் வழிவந்த தன்மைக்கூற்று மரபு இதற்கு அவருக்குத் துணைநின்றது. அகத்தடையைப் பன்யன் படர்க்கையில் நிறுத்திப் பெயரிட்டார். கிருஷ்ண பிள்ளை தன்மையில் நின்று அழுதார். இரண்டும் இருவேறு மருந்துகள். எது சிறந்தது என்று தீர்ப்பளிப்பதினும், தமிழ்ப் பாடல்களைக் காப்பியத்தினின்றும் பிரித்துத் தனியே ஓதும் வழக்கத்தால் அவை எந்தத் தடையின் முன் எழுந்தன என்பது மறைந்துபோவதைச் சுட்டுதல் பயனுடைத்து.

பன்யனிடத்து நமக்கு உடன்பாடில்லாத இடமும் ஒன்றுண்டு. அறியாமை என்னும் இளைஞன் நூலின் இறுதிப் பகுதியில் உடன் நடக்கின்றான். அவனுக்குச் சேறும் இல்லை, அரக்கனும் இல்லை. தன் நெஞ்சம் நல்லதென்று சொல்வதை அவன் அப்படியே நம்புகின்றான். பயணி மூழ்கித் தத்தளித்த இறுதி ஆற்றை, வீண்நம்பிக்கை என்னும் ஓடக்காரன் துணையால் எளிதாகக் கடந்தும் விடுகின்றான். வானக நகரின் வாயிலில் கைகால் கட்டப்பட்டு, மலைச்சரிவிலுள்ள கதவு வழியே நரகுக்குத் தள்ளப்படுகின்றான். அகத்தடை எதனையும் உணராமையே பெருந்தடை என்னும் கருத்து வலிமையுடையது. எனினும் முதற்பாகத்தை இந்நிகழ்ச்சியோடு முடித்தமை, அஞ்சும் இயல்பினரை மீண்டும் அதே சேற்றில் தள்ளத்தக்கது. பன்யனே இதனை உணர்ந்தார் போலும். ஆறாண்டுகட்குப் பின் வந்த இரண்டாம் பாகம் வலுவற்றோர்க்கென்றே எழுதப்பட்டதுபோல் உள்ளது.

தொடக்கத்தில் கூறிய குறைக்கு விடை அப்பாகத்தில் உள்ளது. அச்சமுடையான் என்றொருவன் அங்கே பேசப்படுகின்றான். தளர்ச்சிச் சேற்றின் கரையில் ஒரு திங்களுக்கு மேல் கிடந்தவன். அதனைக் கடந்தபின்னும் அச்சேற்றை மனத்தில் சுமந்தே திரிந்தவன். பெயருக்கேற்ப எல்லாவற்றுக்கும் அஞ்சுவான் என்றே நாம் எதிர்பார்க்கின்றோம். அவனோ துன்ப மலையில் தயங்கவில்லை, சிங்கங்களைப் பொருட்படுத்தவில்லை, மாயச் சந்தையில் அங்குள்ளார் அனைவரோடும் பொருதுவான் போல் கொதித்தெழுந்தான். பிறர் வெறுக்கும் தாழ்மைப் பள்ளத்தாக்கில் நிலத்தைத் தழுவி மலர்களை முத்தமிட்டு மகிழ்ந்தான். அவன் அஞ்சியது ஒன்றற்கே: இறுதியில் தான் ஏற்றுக்கொள்ளப்படுவோமா என்பதற்கே. அவன் ஆற்றைக் கடந்த நாளில் நீர் என்றுமில்லாத அளவுக்குத் தாழ்ந்திருந்தது. அடி நனைந்ததற்கு மேல் அவனுக்கு ஒன்றும் நேரவில்லை. பெயரைச் சொன்னவுடன் முடிந்துவிடும் பாத்திரமா இவன்?

அவனை அடுத்து, இடிக்கப்பட்ட ஐயக் கோட்டையினின்றும் மீட்கப்பட்ட தளர்வுடையானும் அவன் மகள் பேரச்சமும் ஆற்றங்கரைக்கு வருகின்றார்கள். தங்கள் அச்சத்தை யாரும் மரபுரிமையாகப் பெறவேண்டா என்று தந்தை இறுதிமுறி கூறிச் செல்கின்றான். மகள் பாடிக்கொண்டே நீரில் இறங்குகின்றாள். அவள் பாடியது இன்னதென்று கரையில் நின்றவர் எவர்க்கும் விளங்கவில்லை.